குதிரையும் நடுகல்லும்

சென்ற தவணையிலே எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவரை நல்லூருக்கு அழைத்துச் சென்றோம். முள்ளிவாய்க்காலையும் செட்டிகுளத்து முகாமையும் தாயின் மடியிலே கடந்துவந்த வன்னிப் பிள்ளைகள் அவர்கள். கந்தசுவாமி கோவில், சங்கிலித்தோப்பு வளைவு, சிதைந்துவரும் மந்திரிமனை, யமுனா ஏரி என்பவற்றைப் பார்த்துவிட்டு முத்திரைச் சந்திக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அங்கே உயர்ந்த பீடத்தின்மேல், குதிரையிலே, வாளேந்தி வீற்றிருக்கிறான் சங்கிலி மன்னன். பிள்ளைகள் கைத்தொலைபேசிகளை எடுத்துப் படம் பிடித்தனர். ஒரு மாணவி மட்டும் படம் எடுக்காமல் நின்று கேட்டாள்: “சேர், இது எந்தச் சங்கிலியன்? புத்தகத்தில ரெண்டு பேரெல்லோ இருக்கினம்?”

இலக்கியத் திறனாய்வு ஏட்டிலே எழுதப்படும் கவிதைக்கு மட்டுமே உரியது என்று கருதுவோர் எம்மிடையே உளர். தெருச்சந்தியிலே நாட்டப்பட்டு, நாள்தோறும் ஆயிரம்பேர் கண்ணிலே படும் ஒரு சிலையும் படைப்பே. அதற்கும் கருப்பொருள் உண்டு, உருவம் உண்டு, அது சொல்வதும் உண்டு, சொல்லாது மறைப்பதும் உண்டு. அச்சிலே வந்த நூலை ஆராயும் அதே கண்ணோடு சங்கிலியன் சிலையையும் ஆராய்ந்து பார்ப்பதிலே தவறில்லை. அம்மாணவியின் கேள்வியே அதற்கு வாசல்.

சங்கிலி என்ற பெயருடன் யாழ்ப்பாணத்தை ஆண்டோர் இருவர். முதலாமவன் 1519 முதல் 1561 வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டவன். மன்னாரிலே கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய மக்களை 1544இல் கொல்வித்தவன் அவனே. 1560இல் போர்த்துக்கீசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சாவின் படை நல்லூருக்குள் புகுந்தபோது தலைநகரை விட்டு விலகிப் பின் மீண்டவனும் அவனே. இரண்டாமவன் ஆண்டது 1617 முதல் 1619 வரை, ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கு இணங்க 1736ஆம் ஆண்டளவிலே மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’ இவ்விருவரையும் ஒருவனாகவே கொண்டது. முன்னவனின் கடுமையும் பின்னவனின் வீழ்ச்சியும் ஓருடலிலே ஒட்டிக்கொண்டன. 1928இல் வெளிவந்த ‘யாழ்ப்பாண வைபவ விமர்சன’த்திலே சுவாமி ஞானப்பிரகாசர் போர்த்துக்கீசரின் எழுத்துக்களோடு ஒப்புநோக்கி இக்குழப்பத்தை வெளிப்படுத்தினார். ஆனால், நூலகத்திலே பிரிந்த இருவர் மக்கள் மனத்திலே இன்னும் பிரியவில்லை.

சிலை இறுதி மன்னனைக் குறிப்பதென்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அப்படியாயின் அவனைப் பற்றி அறியக்கிடப்பது யாது? எதிர்மன்னசிங்கம் இறந்தபோது அவன் மகன் சிறு குழந்தை. அக்குழந்தையின் சார்பிலே ஆட்சியைப் பார்த்துவந்தவன் அரச குடும்பத்தைச் சேர்ந்த அரசகேசரி. 1617இல் அந்த அரசகேசரியையும் அரியணைக்கு உரிமை கோரத்தக்க ஏனையோரையும் கொன்றே சங்கிலி ஆட்சியைப் பிடித்தான். போர்த்துக்கீசரின் ஒப்புதலையும் நாடிப் பெற்றான். நாட்டிலே எதிர்ப்பு மூண்டபோது தஞ்சை நாயக்கனின் படையுதவியோடு அதனை அடக்கினான். அதன்பின் போர்த்துக்கீசரோடு பகை முற்றி, 1619இல் பிலிப் த ஒலிவெய்றாவின் படையிடம் தோற்றான். தப்பிச் செல்லும்போது பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மரணதண்டனை பெற்றான். தமிழ் படித்தவர்கள் இவ்விடத்திலே சற்றுத் தரிக்கவேண்டும். கொலையுண்ட அந்த அரசகேசரியே காளிதாசனின் இரகுவமிசத்தைத் தமிழிலே பாடிய புலவன் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஈழத்திலே தோன்றிய காவியங்களுள் ‘இரகுவமிசம்’ தலைசிறந்தவற்றுள் ஒன்று. நீர்வேலியிலே அரசகேசரிப் பிள்ளையார் கோவில் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. புலவனைக் கொன்றவனுக்கு முத்திரைச் சந்தியிலே குதிரை கிடைத்தது. புலவனுக்கோ ஒரு பிள்ளையார் கோவிலின் பெயரிலே இடம் கிடைத்தது. எமது பல்கலைக்கழகங்களிலே தமிழ் பயின்று வெளியேறும் பட்டதாரிகளுள் இரகுவமிசத்தின் ஒரு படலத்தையேனும் படித்தோர் எத்தனைபேர் என்று கேட்டால் அது எம் எல்லோருக்கும் சங்கடமான கேள்வி.

இவ்வாறு கூறுவதனால் சிலையை நிறுவியவர்களை ஏளனம் செய்வதாகக் கொள்ளலாகாது. 1972இலே குடியரசு யாப்பு நிறைவேறியது. 1974 சனவரியிலே யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் உயிர்ப்பலியோடு முடிந்தது. அதே 1974இல்தான் சங்கிலியன் நல்லூரிலே சிலையாக எழுந்தான். தமக்கும் ஓர் அரசு இருந்தது, அதற்கும் ஓர் இறுதிப் போர் இருந்தது என்று உரத்துச் சொல்லும் தேவை ஒரு மக்கட் கூட்டத்துக்கு அப்போது இருந்தது, அத்தேவை பொய்யானதன்று. 2011இலே பழைய சிலை அகற்றப்பட்டுப் புதிய சிலை திறக்கப்பட்டபோது எழுந்த வாதப் பிரதிவாதங்கள் யாவரும் அறிந்தவை. அரசு சார்ந்தோர் கைபட்டதனால் சிலையின் வீறு குறைந்துவிட்டதென்று ஒரு சாரார் வருந்தினர். அழகு கூடியதென்று மறு சாரார் மகிழ்ந்தனர். வாளைப் பற்றியும் வண்ணத்தைப் பற்றியும் அத்தனைபேர் பேசினர். குதிரை ஏன் என்று கேட்டவர் குறைவு.

வெண்கலத்திலோ சீமெந்திலோ ஒருவனைக் குதிரைமேல் ஏற்றி, அக்குதிரையைப் பீடத்தின்மேல் ஏற்றி, நகரின் நடுவே நிறுத்துவது ஐரோப்பாவின் மரபு. அதன் மூலவேர் ரோமாபுரியிலே உள்ள மார்க்கஸ் அவுரேலியஸின் வெண்கலச் சிலை. ரோமப் பேரரசர் பலரின் வெண்கலச் சிலைகள் பிற்காலத்தில் உருக்கப்பட்டபோது இச்சிலை மட்டும் தப்பியதற்குக் காரணம் வேடிக்கையானது. கிறிஸ்தவத்தைத் தழுவிய கொன்ஸ்தந்தீன் பேரரசனின் சிலை அது என்று மக்கள் தவறாக எண்ணிக்கொண்டிருந்தனர். குதிரைமேல் இருப்பவன் எவன் என்ற குழப்பம் நல்லூருக்கு மட்டும் உரியதன்று!

அம்மரபு தமிழ்நாட்டுக்கு வந்தது ஆங்கிலேயரோடு. சென்னைத் தீவுத்திடலருகே, 1839இலே நாட்டப்பட்ட சேர் தோமஸ் மன்றோவின் சிலை உண்டு. சிற்பி பிரான்சிஸ் சான்றி. அக்குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டான் என்று சென்னைவாசிகள் கதை சொல்வர். உண்மையிலே மறதி ஒன்றுமில்லை. இலண்டனிலே அவன் செய்த வெலிங்டனின் குதிரைக்கும் அங்கவடி கிடையாது. ரோமர் காலத்திலே அங்கவடி வழக்கில் இருக்கவில்லை. ரோமானியப் பெருமிதத்தைத் தன் காலத்து ஆங்கிலத் தளபதிக்கு அணிவிக்கவே சிற்பி அதனை விலக்கினான். திப்புவுக்கு எதிரான போர்களிலே பங்குகொண்ட மன்றோ, பாராமகாலிலே வரி விதிப்பைச் சீர்செய்தவர். இரயத்துவாரி முறையின் தந்தை என்று போற்றப்படுபவர். குடியானவனிடமிருந்து அரசு நேரே வரி கொள்ளும் முறை அது. அவரது சிலையிலே குடியானவன் எங்கே என்று தேடிப் பாருங்கள். பீடத்தின் கீழே, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பவன் அவன்.

குதிரைச் சிலையின் இலக்கணம் முழுவதும் இதிலே அடங்கியிருக்கிறது. பார்ப்பவனின் கழுத்தை அது வளைக்கிறது. போரை ஒருவனே செய்தான் என்று சொல்கிறது. அண்மைக் காலத்திலும் இம்மோகம் தணிந்தபாடில்லை. மங்கோலியாவிலே 2008இல் செங்கிஸ்கானுக்கு 40 மீற்றர் உயரத்தில் எஃகுக் குதிரைச் சிலை எழுப்பினர். அங்கே செல்வோர் குதிரையின் உடலுக்குள்ளே ஏறி, அதன் தலைமேல் நின்று புல்வெளியைப் பார்க்கலாம். மன்னனின் குதிரைத் தலையிலே குடிமகனுக்கும் இரண்டு நிமிடம் நிற்க அனுமதிச்சீட்டு!

எமது மரபிலே குதிரை இல்லையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்டு; நிறையவே உண்டு. ஆனால் அது வேறு விதமாக நிற்கிறது. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களிலே முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைக் கண்டவர் அவற்றின் வயிற்றின் கீழே நின்று போரிடும் காலாட்களையும் கண்டிருப்பர். மன்னரின் பணத்தைப் பெற்றே செதுக்கினான் அச்சிற்பி. என்றாலும், கீழே நிற்பவனையும் அவன் விட்டுவிடவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து ஐயனார் கோவில்களிலே வரிசை வரிசையாக நிற்கும் மண்குதிரைகளோ பெரும்பாலும் ஆளேறாக் குதிரைகள். குயவர் சுட்டவை, நேர்த்திக்கடனாக ஊரவர் கொண்டுவந்து வைத்தவை. மழையிலே கரைந்து முறிந்தால் அடுத்த ஆண்டு புதிது வரும். அக்குதிரைகள் ஊரினுடையவை.

புறநானூற்றிலே குதிரைமறம் என்று ஒரு துறையே இருக்கிறது. பொன்முடியார் பாடிய பாட்டு ஒன்றிலே (புறம் 299) பருத்தி வேலியுடைய சிற்றூர்த் தலைவன் ஒருவனின் குதிரை வருகிறது. உழுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடைபோடும் ஏழைக் குதிரை. போர் மூண்டதும் கடலைக் கிழிக்கும் தோணிபோல அது பகைவர் படையைப் பிளந்து செல்கிறது. நெய்யூட்டி வளர்த்த பெருவேந்தரின் குதிரைகள் அஞ்சி ஒதுங்கி நிற்கின்றன. சிற்றூரின் வறுமையையும் வீரத்தையும் ஒருங்கே கண்ட புலவரின் பார்வை இது. வீரத்தை இவ்வளவு கிட்ட நின்று பார்த்த ஒரு மொழியினர், அதைச் சிலையாக்கும் வேளையில் மன்றோவின் சிற்பியிடம் கடன் வாங்கவேண்டி வந்தது ஏன்? அந்நியரை எதிர்த்தவன் என்று நாம் கொண்டாடும் மன்னனை அந்நியரின் அச்சிலேயே வார்த்துவிட்டோம். வட இலங்கையிலே இன்றும் உயிரோடு திரியும் குதிரைகள் நெடுந்தீவுக் குதிரைகள். அவையும் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் வளர்த்தவற்றின் வழிவந்தவை என்றே கூறப்படுகின்றன.

போரிலே இறந்தோருக்குப் பழந்தமிழர் எழுப்பியது நடுகல். கல்லைத் தேர்ந்து காண்பதிலிருந்து, அதனை நீராட்டி, நாட்டி, வாழ்த்துவது வரையான படிகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டமே அப்படிகளின் பெயரால் காதைகளாகப் பகுக்கப்பட்டது. நடுகல்லிலே நிற்பவன் பெரும்பாலும் அரசனல்லன். ஆநிரையை மீட்கச் சென்று இறந்தவன், ஊரைக் காத்து மடிந்தவன். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரிலே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மடிந்த கருந்தேவகத்தி என்ற வீரனின் கல் அது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளர் இருவரைக் கடித்து அவனுக்குக் காவலாக நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல்லிலே வெட்டியிருக்கிறார்கள்! பேரரசன் பெயர் அங்கே காலத்தைக் குறிக்க மட்டுமே வருகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எருமைக்காரனின் பெயரும் அவன் நாயின் பெயரும் அழியவில்லை. அக்கல்லின் முன் நிற்பவன் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. குனிந்து வாசிக்க வேண்டும்.

இதனை வன்னியிலே இருந்துகொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. வன்னியின் விலங்கு குதிரையன்று. வன்னிமைகள் போர்த்துக்கீசருக்கும் ஒல்லாந்தருக்கும் திறையாகக் கொடுத்தவை யானைகள். எமது நாட்டார் பாடலிலே பெரும்பெயர் பெற்றவளும் யானையை அடக்கிய அரியாத்தை என்னும் பெண்ணே. அவள் கதை எம்மிடம் ஒப்பாரியாக வந்து சேர்ந்திருக்கிறது. வன்னியின் போர்த்தலைவன் என்று யாவரும் ஒப்பும் பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். கோட்டையிலிருந்து தப்பிய கப்டன் வொன் டிறிபேக், அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலே அவனைத் திடீரெனத் தாக்கித் தோற்கடித்தான். அவன் அன்றே இறந்தானா, சில ஆண்டுகள் கழித்து இறந்தானா என்பது இன்றும் வாதத்துக்குரியது.

அவ்விடத்திலே ஆங்கிலேயர் காலத்தில் ஒரு கல் நாட்டினர். இங்கே கப்டன் வொன் டிறிபேக் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதே அக்கல்லின் செய்தி. எழுதியது வெற்றிபெற்றவன், மொழி ஆங்கிலம். ஆயினும், கற்சிலைமடு என்று ஊருக்கே பெயராகிப்போன அக்கல்லை எமது மக்கள் டிறிபேக்கின் கல் என்று ஒருநாளும் கொள்ளவில்லை. பண்டாரவன்னியனின் கல் என்றே கொண்டனர். பகைவனின் வெற்றிக் கல்லைத் தம் நடுகல்லாகப் படித்துக்கொண்ட மக்கள் அவர்கள். அக்கல்லிலிருந்து கதை வளர்ந்தது, கூத்தாயிற்று, 1960களிலே முல்லைமணியின் ‘பண்டாரவன்னியன்’ நாடகமாயிற்று, 1991இலே தமிழகத்தில் கலைஞர் கருணாநிதியின் ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என்ற நாவலாயிற்று. இன்று வவுனியாவிலே அவனுக்கு வாளேந்திய சிலையும் உண்டு. ஆண்டுதோறும் மாலையும் உண்டு. அது நல்லதே. என்றாலும் கற்சிலைமடுவின் கல்லுக்கு முன்னே நின்றவர்க்குத் தோன்றும் உணர்ச்சி மாலைகளின் நடுவே தோன்றுவதில்லை என்பது என் துணிபு.

வெற்றிபெற்றவர் கல் நாட்டும் வழக்கம் 1803இன் போரோடு நின்றுவிடவில்லை. புதுக்குடியிருப்பிலே நீர்நிலையின் நடுவே, ஒரு கையில் துப்பாக்கியும் மறுகையில் கொடியும் ஏந்திய படைவீரனின் பெருஞ்சிலை 2009 டிசம்பரிலேயே திறக்கப்பட்டது. கிளிநொச்சி நகரிலே பெருஞ்சுவரைத் துளைத்து நிற்கும் எறிகணையும் அதன்மேலே மலரும் தாமரையும் உள்ளன. மறுபுறத்திலே, துயிலும் இல்லங்கள் உழுது தள்ளப்பட்டன. தன் மகன் புதைக்கப்பட்ட இடத்திலே விளக்கேற்றத் தாய் ஒருத்தி பல ஆண்டுகள் அஞ்சவேண்டியிருந்தது. வெற்றிச் சிலைக்கு விடை, அதனைவிட உயரமான எமது குதிரைச் சிலைதான் என்று எண்ணுவோர் எம் இளைஞரிடையே உளர். அவர்களின் சினத்தை நான் அறிவேன். அவர்கள் என் வகுப்பறையிலேதான் இருக்கிறார்கள். ஆயினும் பெரிய பீடத்துக்குப் போட்டியாக இன்னொரு பெரிய பீடம் கட்டினால், இரண்டின் நிழலிலும் அதே பெண்கள்தான் நிற்பார்கள்.

அந்தப் பெண்களைப் பற்றியும் புறநானூறு பாடியிருக்கிறது. எருமை வெளியனாரின் பாட்டிலே (புறம் 273) ஒருத்தி வாசலிலே நின்று பார்க்கிறாள். போருக்குச் சென்ற எல்லாருடைய குதிரைகளும் திரும்பிவிட்டன. சிறு குடுமி வைத்த பிள்ளையைத் தந்த தன் கணவன் ஏறிச்சென்ற குதிரை மட்டும் வரவில்லை. இரண்டு பெரிய ஆறுகள் மோதுமிடத்தில் நின்ற மரம்போல அது சாய்ந்ததோ என்று கலங்குகிறாள். குதிரையைப் பற்றித் தமிழிலே எழுந்த பாட்டுக்களுள் இதனையே நான் முதலில் வைப்பேன். இதிலே குதிரையே இல்லை. அதன் வராமை மட்டும் இருக்கிறது.

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலின் முன்பாக 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டத்திலே அமர்ந்தனர். 2025 மே மாதத்திலே அப்போராட்டம் 3000 நாட்களைக் கடந்தது. மகனைத் தேடிவந்த பெற்றோருள் பலர் விடையறியாமலே இறந்துவிட்டனர். அவர்கள் ஏந்தி நின்றவை சிறிய நிழற்படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர், ஒரு திகதி, கடைசியாகக் கண்ட இடம். எடுத்தனூர்க் கல்வெட்டும் இவ்வளவுதான் சொல்கிறது: யார், எப்போது, எவ்விடத்திலே, எதற்காக. போர்க்காலத்துக்கு நினைவுச்சின்னம் அமைக்க விரும்பும் எமது பிரதேச சபைகளும் சங்கங்களும் சிற்பியைத் தேடுமுன் இந்தப் பட்டியலைத் தேடவேண்டும். ஊருக்கு ஊர், பெயருக்குப் பெயர். எந்த இயக்கத்திலும் சேராது பதுங்குகுழியிலே இறந்தவரையும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகையில் விழுந்தவரையும் விலக்காத பட்டியல். குனிந்து வாசிக்கத்தக்க உயரத்திலே ஒரு கல் போதும்.

நல்லூர்ச் சிலையை அகற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1974இன் தமிழர் எதனை நினைத்தனர் என்பதற்கு அதுவும் ஒரு சான்று. ஆனால், அதன் பீடத்திலே பிள்ளைகள் வாசிக்கத்தக்க ஒரு பலகை வேண்டும். சங்கிலி என்ற பெயரிலே இருவர் ஆண்டனர் என்பதும், இவன் 1617இலே எவ்வாறு ஆட்சிக்கு வந்தான் என்பதும், 1619இலே எவ்வாறு வீழ்ந்தான் என்பதும், அவன் கொன்ற அரசகேசரியின் பெயரும் அதிலே இடம்பெற வேண்டும். அப்பலகை வரும்வரை, அடுத்த ஆண்டு மாணவரை அழைத்துச் செல்லும்போது நீர்வேலியிலே முதலில் இறங்குவதென்றும், இரகுவமிசத்தின் சில பாடல்களை அங்கே பிள்ளையார் கோவில் வாசலில் படித்துவிட்டே நல்லூருக்குச் செல்வதென்றும் ஏற்பாடு செய்திருக்கிறோம். கேள்வி கேட்ட மாணவி அப்பாடல்களுக்கு உரை எழுதிக்கொண்டிருக்கிறாள்.